மணி அடித்த பிறகு மனிதன்

மனிதன் குரங்கிலிருந்து வந்தவன் என்பதில் இயக்குநருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. யாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தான் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே மனித வளர்ச்சி நிலையம் நடந்துவந்தது என்று சொன்னால் மிகையில்லை.

நிலையம் என்றதும் பெரிய ஆராய்ச்சிக்கூடம் என்று யாரும் மிரள வேண்டாம். பழைய கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, கட்டத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் ஐந்து மேடை போட்டு, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். முதல் மேடையில் சிமெண்ட் மரமும் அதில் தொங்கும் குரங்கும். இரண்டாவதில் நிமிர்ந்து நிற்கிறவன். மூன்றாவதில் கல்லைக் கல்லால் தட்டுகிறவன். நான்காவதில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொள்கிறவர்கள். அதற்குச் சமுதாயம் என்று பெயர். ஐந்தாவது மேடையில் குளிர்சாதனம் போட்ட கண்ணாடி அறை, அதற்குள் மேசை, நாற்காலி, நாற்காலியில் இயக்குநர். பார்க்க வருகிறவர்கள் முதல் மேடையில் தொடங்கி ஐந்தாவதில் முடிப்பார்கள். மனித இனம் இத்தனை பாடுபட்டு எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது அங்கே அவர்களுக்கு விளங்கிவிடும்.

முன்பெல்லாம் மேடைகளில் மெழுகுப் பொம்மைகள்தான் நின்றன. வெயில் காலத்தில் அவற்றின் மூக்கு உருகி ஒழுகியது. அந்த நேரம் பார்த்து ஊரில் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினார்கள். ஆட்கள் மெழுகைவிட மலிவாகக் கிடைத்தார்கள். உழைப்புதான் குரங்கை மனிதனாக்கியது, ஆகவே உழைப்பை இழந்தவர்களை மறுபடி மனிதனாக்கித் தருவோம் என்று நிலையத்தின் வாசலில் பெரிதாகப் பலகை மாட்டினார்கள். கூட்டம் அலைமோதியது.

மூடிக்காரர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். டப்பாக்களுக்குத் தகர மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் அந்தப் பெயர். தொழிற்சாலையை மூடுவதற்குச் சற்று முன்னால், மூடி அடிக்கும் இயந்திரம் அவருடைய வலது கட்டைவிரலையும் சேர்த்து அடித்துவிட்டது. மனைவியின் அண்ணன் ஏற்கெனவே நிலையத்தில் நாலாம் கட்டத்தில் இருந்தார். அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தவர்.

"கல்லு தட்டுற இடம் ஒண்ணு காலியா இருக்கு மாப்ளே. நீங்க இரும்பையே தட்டுன ஆளு. கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துடுவாங்க" என்று மச்சான் தைரியம் சொன்னார்.

நேர்காணல் நடத்தியவர் கை நிபுணர் அம்மையார். மனிதக் கையைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர். மேசையிலிருந்த பேனாவைத் தன் பக்கம் நகர்த்துவதற்கு மணியடித்து உதவியாளரைக் கூப்பிட்டார். பிறகு மூடிக்காரரின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டைவிரல் எங்கே?"

"வேலையில போயிடுச்சும்மா."

"உழைக்க உழைக்கத்தான் மனுஷனுக்குக் கட்டைவிரல் வந்துச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு உழைக்க உழைக்கத்தான்மா போச்சு."

"அது உங்க சொந்த விஷயம். நான் மொத்த இனத்தைப் பத்திப் பேசுறேன்." அம்மையாருக்குக் கோபமெல்லாம் இல்லை. பொறுமையாகவே விளக்கினார். "கட்டைவிரல் இல்லாம கருவி பிடிக்க முடியாது. கருவி பிடிக்கலைன்னா உழைப்பு இல்ல. உழைப்பு இல்லைன்னா, நீங்களே சொல்லுங்க, என்ன?"

அம்மையார் மறுபடி மணியடித்து உதவியாளரைக் கூப்பிட்டு, "மரம் காலியா இருக்கா பாரு" என்றார்.

மரம் காலியாகத்தான் இருந்தது. ரோமம் வைத்துத் தைத்த ஒரு முழு உடுப்பைக் கொடுத்தார்கள். அதற்குள் நுழைந்துகொண்டு, சிமெண்ட் கிளையில் உட்கார்ந்து, அவ்வப்போது தொங்கிக் காட்ட வேண்டும். முதல் கட்டத்துக்குப் பேச்சு கிடையாது. சிரிப்பு கிடையாது. பக்கத்து மேடையைத் திரும்பிப் பார்ப்பது கிடையாது. அடுத்தவன் என்று ஒருத்தன் இருக்கிறான் என்பது குரங்குக்குத் தெரியக்கூடாது என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தார். "எப்ப மேல போவேன் சார்?" என்று கேட்டதற்கு, "இயற்கையா நடக்கணும். குழு கூடி முடிவெடுக்கும்" என்றார் அவர்.

இரண்டாம் கட்டத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தவர், குழு கூடுவதற்காக மயிரெல்லாம் நரைக்கும்வரை நின்றுகொண்டிருப்பவர். பழைய மின்வாரிய ஆள். உட்கார வேண்டும் என்ற ஆசையே தனக்கு விட்டுப்போய்விட்டதாக உடை மாற்றும் அறையில் ஒருநாள் சொன்னார். மூன்றாம் கட்டத்தில் கல் தட்டுகிறவருக்குத் தட்டத் தெரியாது. ஆனால் இரண்டு கட்டைவிரலும் இருந்தன.

தேநீர் வேளையில்தான் சிக்கல் வந்தது. டம்ளர் ஒரு கருவி என்று நிலையம் முடிவு செய்திருந்தது. ஆகவே முதல் கட்டத்தில் இருப்பவர் உள்ளங்கையைக் குவித்துத்தான் வாங்கிக் குடிக்க வேண்டும். கட்டைவிரல் இல்லாத கையில் எதைக் குவிப்பது? ஊற்ற ஊற்ற ஒழுகி, முழங்கை ரோமமெல்லாம் சீனிப் பிசுபிசுப்பு. இதைப் பார்த்த மச்சான், தேநீர் மணி அடித்ததும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் வந்துவிடுவார். டம்ளரை மூடிக்காரரின் வாயில் வைத்துப் பாதியைக் குடிக்கவைத்துவிட்டு, மீதியைத் தான் குடிப்பார். "சூடு பாத்துக் குடிங்க மாப்ளே" என்று காதோடு சொல்வார். கட்டம் தாண்டி உதவியதற்காக அவருக்கு இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. மச்சான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூடிக்காரரின் வீட்டில் வேறொரு கதை நடந்தது. பகலெல்லாம் வாயை மூடி வைத்திருப்பவருக்கு மாலையில் அதைத் திறப்பது மறந்துபோயிற்று. உப்பு வேண்டுமென்றால் உப்பைக் காட்டுவார். போதுமென்றால் கையைக் காட்டுவார். மனைவி சட்டைக் கம்பெனியில் பட்டன் தைப்பவள். அங்கே நாள் முழுதும் இயந்திரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேசலாம் என்று ஏங்கிக்கொண்டு வருவாள்.

"ஏங்க, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன். சண்டையாவது போடுங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. துக்கமா என்றால் அதுவும் இல்லை. விரல் அடிபட்ட அன்றைக்குக் கை மரத்துப்போயிருந்ததே, அது மாதிரி உள்ளே எங்கேயோ இருந்தது.

"அண்ணன் மாதிரி நாலாங்கட்டம் போயிட்டா பேசுவீங்கதானே?" என்றாள் அவள். அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் குறி. நாலாம் கட்டத்துக்குப் போக வேண்டும், வீட்டுக்கு வந்து இவளோடு பேச வேண்டும். வேறு ஆசை இல்லை.

நாலாம் கட்டத்தின் பெருமை என்னவென்றால் பரஸ்பர உதவி. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மேடையில் மணி அடிக்கும். மணி அடித்ததும் நால்வரில் ஒருவர் கீழே விழுவார். அவருக்கு விழுபவர் என்றே பதவி. முன்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். மச்சான் அவரைத் தூக்கி நிறுத்தி, "எழுந்திரு, நான் இருக்கிறேன்" என்பார். பிறகு எல்லோரும் சேர்ந்து நெருப்பைப் பார்ப்பார்கள். நெருப்பு என்பது சிவப்புத் தாள் சுற்றிய பல்பு. இப்படித்தான் சமுதாயம் பிறந்தது என்று ஒலிபெருக்கி சொல்லும்; கூட்டம் கைதட்டும்.

ஒருநாள் மணி அடிக்காமலேயே மச்சான் விழுந்தார்.

உட்கார்ந்திருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்து, தலை பல்பில் முட்ட, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். சமுதாயத்தில் மீதி மூன்று பேரும் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தார்கள். விழவேண்டியவர் அவரில்லை. தூக்கவேண்டியவர்தான் விழுந்து கிடக்கிறார். இதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. மூன்று பேரும் மணியை அண்ணாந்து பார்த்தார்கள். மணி சும்மா இருந்தது.

மூடிக்காரர் மரத்திலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. நிமிர்ந்து நின்றவரைத் தள்ளிக்கொண்டு, கல் தட்டுகிறவரின் கல்லில் இடறி, "மச்சான்! மச்சான்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினார். இரண்டு கைகளையும் கொடுத்து அவரை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, ரோம உடுப்போடு வாசல்வரை ஓடினார். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒரு குரங்கு மனிதனைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து முதலில் வண்டியைக் கிளப்பினார், பிறகு மனம் மாறி நிறுத்தினார். இதயத்தில் அடைப்பு, சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். மச்சான் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி நடையில் மூடிக்காரர் அன்றைக்கு மனைவியிடம் மளமளவென்று பேசினார். அழுதார்கூட. அவளுக்கு அண்ணன் பிழைத்த சந்தோஷம் பாதி, இது பாதி.

மறுநாள் விசாரணை. கண்ணாடி அறையில் இயக்குநர், கை நிபுணர் அம்மையார், மேற்பார்வையாளர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பார்வையாளர்கள் கண்ணாடிவழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை இது ஐந்தாம் கட்டம்.

"அனுமதி இல்லாம இறங்கினீங்க. அதை விட்டுடறேன்" என்றார் இயக்குநர். "இறங்கினவர் நிமிர்ந்து ஓடினீங்க. ஓடினவர் பேசினீங்க. பேசினதோட நிக்காம உதவியும் பண்ணியிருக்கீங்க. எத்தனையோ லட்சம் வருஷம் எடுத்துச் செய்யவேண்டிய வேலை இது. ஒரு மேடை நீளத்துல முடிச்சிட்டீங்க."

"மச்சான் விழுந்துட்டாருங்க சார்."

"விழுந்தார். சரி. ஆனா நீங்க முதல் கட்டம். இன்னொருத்தர் விழுந்தா உங்களுக்குத் தெரியக்கூடாதே! நாலாம் கட்டத்துல மூணு பேர் இருந்தாங்க. எல்லாம் அனுபவசாலிங்க. யாராவது அசைஞ்சாங்களா?"

"இல்லைங்க சார்."

"அதுதான் கட்டுப்பாடு. நினைச்ச நேரத்துல எல்லாரும் மனுஷனாயிட்டா அப்புறம் நாங்க எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கோம்?" இயக்குநர் இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயமும் அவர் முகத்தில் இல்லை. தேநீர் டம்ளரைப் பார்த்தார். உதவியாளர் ஓடிவந்து அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கை நிபுணர் அம்மையாருக்கு வேறு சங்கடம். "என்னோட ஆராய்ச்சிப்படி இந்தக் கையால அந்த எடையைத் தூக்க முடியாது. அதனால இவர் தூக்கலை" என்று அழுத்தமாகச் சொன்னார். "தூக்கினேன்மா" என்றார் மூடிக்காரர். "இல்லை" என்றார் அம்மையார்.

அவரைத் துரத்திவிடுவதாகத்தான் இருந்தார்கள். ஆனால் மச்சான் விழுந்த அன்றைக்குப் பார்க்க வந்திருந்த கூட்டம், அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சியைக் கைப்பேசியில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டது. மேலிடத்திலிருந்து இயக்குநருக்குப் பாராட்டு வந்தது. பாராட்டு வந்தபிறகு ஒரு காரியம் தப்பாக இருக்க முடியாது. உடனே குழு கூடியது. நிலையத்தின் பயிற்சியால் ஒரு குரங்கு மனிதனாகியிருக்கிறது என்று தீர்மானம் போட்டு, மூடிக்காரரை நாலாம் கட்டத்துக்கு உயர்த்தினார்கள். இடம் காலியாக இருந்தது. மச்சானுடைய இடம்.

"அப்ப மச்சான் எங்க சார் இருப்பாரு?"

"வேலை நேரத்துல படுத்தவர் நிமிர்ந்து நிற்கும் தகுதியை இழக்கிறார். ஆனா நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. டாக்டர் உட்கார்ந்து பார்க்கிற வேலையா கொடுக்கச் சொல்லியிருக்கார். மரம் இருக்கு" என்றார் இயக்குநர்.

மச்சான் வந்து ரோம உடுப்புக்குள் நுழைந்தார். தோளில் கொஞ்சம் இறுக்கியது. "பரவாயில்ல மாப்ளே. நீங்க மேல வந்தீங்களே, அது போதும்" என்றார். அதுதான் அவர் அங்கே பேசிய கடைசிப் பேச்சு. பிறகு மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மூடிக்காரருக்குப் பயிற்சி தொடங்கியது. தூக்கிப் பழகிய ஆளுக்கு என்ன பயிற்சி என்று கேட்கக்கூடாது. அவர் தூக்கியது முறையாக இல்லையாம். முதலில் கையில் ஒரு ரப்பர் கட்டைவிரலை ஒட்டினார்கள். அம்மையாரின் ஆராய்ச்சிக்கு இழுக்கு வரக்கூடாது. பிறகு பயிற்சியாளர் வந்தார். நாடகத்தில் வேஷம் கட்டியவர், தொழிலில் குறை வைக்காதவர்.

"குனியறது நல்லா இருக்கு. தூக்குறதும் சரி. ஆனா முகத்துல பதற்றம் வருதே அண்ணே, அது வேண்டாம்."

"விழுந்தா பதறாதா தம்பி?"

"பதறினா பார்க்கிறவங்க பயந்துடுவாங்க. சாந்தமா தூக்குங்க. மணி அடிக்கிறதுக்கு முன்னாடி கை அசையக்கூடாது."

பதற்றம் போவதற்குத்தான் நாளானது. ஆரம்பத்தில் விழுபவர் உட்கார்ந்த இடத்தில் லேசாகச் சாய்ந்தாலே மூடிக்காரர் பாதி எழுந்துவிடுவார். மணிக்கு முன்பே கை நீண்டுவிடும். மேற்பார்வையாளர் கண்டிப்பார். நாள் ஆக ஆகக் கை அடங்கியது. விழுபவர் எவ்வளவு தத்ரூபமாக விழுந்தாலும் அவருக்கு உள்ளே ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் முகத்தின் ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருப்பதாகப் பயிற்சியாளர் குறைப்பட்டுக்கொண்டார்.

முதலில் தேநீர் மணி அடித்ததும் டம்ளரோடு மரத்தடிக்கு ஓடினார். மச்சானுக்கு இரண்டு கட்டைவிரலும் இருந்தாலும், கை நடுக்கத்தில் தேநீர் நிற்கவில்லை. டம்ளரை வாயில் வைத்து, "சூடு பாத்துக் குடிங்க மச்சான்" என்பார். எச்சரிக்கை வந்தது. இரண்டாவது எச்சரிக்கையும் வந்தது. மூன்றாவது வந்தால் பழையபடி மரம்தான் என்று மேற்பார்வையாளர் சொன்னார். மறுநாள் போகலாம் என்று அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் மறுநாள் போகலாம் என்று தோன்றியது. பிறகு தேநீர் மணி அடிக்கும்போது மரம் நினைவுக்கே வரவில்லை. தேநீர் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அவர் இப்போது பேசினார். காலையில் மனைவியை எழுப்பும்போது, "எழுந்திரு, நான் இருக்கிறேன்" என்றார். அவள் முதல் நாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஒருநாள் அவள் கைதவறிக் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு நின்றபோதும் அதையே சொன்னார். கம்பெனியில் ஊசி ஏறிய விரலைக் கொண்டுவந்து காட்டியபோதும் அதையே சொன்னார்.

"இதுக்கு நீங்க பேசாமலே இருந்திருக்கலாம்" என்றாள் அவள்.

குடும்ப தினம் என்று ஒன்று வந்தது. ஊழியர்களின் வீட்டார் இலவசமாக உள்ளே வந்து, தம்முடைய ஆள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பார்த்துப் பெருமைப்படலாம். மனைவி இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முதல் மேடையின் முன்னால் நின்று, அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை; பார்க்கக்கூடாது. உடுப்பின் கழுத்துக்கு மேலே முகம் மட்டும் வியர்த்திருந்தது. "அண்ணா, உடம்புக்கு என்ன?" என்றாள். அவர் கிளையைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். அவள் மனசில்லாமல் நகர்ந்து நாலாம் மேடைக்கு வந்து, கணவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். மூடிக்காரர் மணிக்காகக் காத்திருந்தார்.

மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் மரத்திலிருந்து மச்சான் விழுந்தார். கூட்டம் முதலில் அதைக் குரங்கு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து ஓடினாள். அண்ணன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ரோம உடுப்பின் கழுத்தைப் பல்லால் பிய்த்து அவிழ்த்தாள்.

"ஏங்க!" என்று கத்தினாள். "ஓடியாங்க! ஒரு கை பிடிங்க!"

மூடிக்காரருக்கு அது நன்றாகக் கேட்டது. கூப்பிடுவது மனைவி என்றும், கிடப்பது மச்சான் என்றும் தெரிந்தது. தன் கையைப் பார்த்தார். ரப்பர் கட்டைவிரல் அசையாமல் இருந்தது. மற்ற நான்கும் அப்படியே. உள்ளே ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. அண்ணாந்து மணியைப் பார்த்தார்.

"அம்மா, பார்வையாளர்கள் கயித்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கணும்" என்று காவலாளி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி அறையிலிருந்து ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் வந்தது: "அந்தம்மா எந்தக் கட்டம்? யார் அவங்களை அங்க விட்டது?"

அப்போது மணி அடித்தது.

விழுபவர் அழகாக விழுந்தார். மூடிக்காரர் குனிந்தார், இரண்டு கைகளையும் கொடுத்தார், தூக்கி நிறுத்தினார். "எழுந்திரு, நான் இருக்கிறேன்" என்றார். இப்படித்தான் சமுதாயம் பிறந்தது என்றது ஒலிபெருக்கி. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்த கூட்டத்துக்கு ஒரு வழி கிடைத்தது. கைதட்டினார்கள்.

"அண்ணே, அங்க உங்க மச்சான்..." என்று விழுபவர் உதடு அசையாமல் முணுமுணுத்தார். மூடிக்காரர் பல்பின் பக்கம் திரும்பினார். அது நெருப்பைப் பார்க்கும் நேரம்.

கூட்டத்தில் யாரோ இரண்டு பேர் வந்து கைகொடுக்க, அவள் அண்ணனைத் தூக்கிக்கொண்டு நாலாம் மேடையின் முன்னாலேயே வாசலுக்குப் போனாள். ரோமக் கை ஒன்று கீழே தொங்கி ஆடியது. கடந்துபோகும்போது அவள் நின்று கணவனைப் பார்த்தாள். இத்தனை நாள் வாயைத் திறந்து பேசுங்கள் என்று கெஞ்சியவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்விட்டாள்.

காட்சி முடிந்து விளக்கு அணைந்ததும் பயிற்சியாளர் மேடைக்கு ஓடிவந்தார். மூடிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னைக்குத்தான் அண்ணே சரியா வந்திருக்கு. முகத்துல ஒரு துளி பதற்றம் இல்ல."

குலுக்கிய வேகத்தில் ரப்பர் விரல் கழன்று அவர் கையோடு போயிற்று. மூடிக்காரர் அதை வாங்கி, ஊதித் துடைத்து, மாலைக் காட்சிக்காக மறுபடி ஒட்டிக்கொண்டார்.